டிகிரிக்குப் பிறகு ஆசிரியராக எந்த வழி? பி.எட். முதலிலா, முதுகலை முதலிலா, அஞ்சல் வழியா?

கல்லூரிகளில் கடைசி செமஸ்டர் முடியும் நேரம் வந்தாலே மூன்று கேள்விகள் மாறி மாறி வரும். "பி.எஸ்சி. முடிக்கப் போறேன் சார், உடனே பி.எட். சேரவா, எம்.எஸ்சி. முடிச்சுட்டுச் சேரவா?" "தனியார் ஸ்கூல்ல வேலை பார்க்கிறேன், கரஸ்ல பி.எட். போடலாமா?" "வெளி மாநிலத்துல ஒரு காலேஜ், வகுப்புக்கே வர வேண்டாம்னு சொல்றாங்க, சேரலாமா?"

மூன்றாவது கேள்விக்கு மட்டும் யாராக இருந்தாலும் ஒரே பதில்: சேராதீர்கள். மற்ற இரண்டுக்கும் பதில் ஆளுக்கு ஆள் மாறும், அதற்குக் காரணம் நீங்கள் படித்த பாடமும் ஏற்கெனவே கையில் இருக்கும் தகுதியும். பெரும்பாலானோர் முதலில் கல்லூரியைப் பார்க்கிறார்கள், அப்புறம் கட்டணத்தை, கடைசியில்தான் "இதை வைத்து எந்தப் பதவிக்குப் போகலாம்" என்று கேட்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கே பேசப்போவது தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராவது பற்றி மட்டும். பி.எட். முடித்துவிட்டு 1 முதல் 5 வரை எடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவர்கள்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒன்று, உங்கள் பாடத்துக்குப் பதவி இருக்கிறதா. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர், அதாவது பி.டி. அசிஸ்டென்ட், 6 முதல் 10 வரை எடுப்பார். முதுகலை ஆசிரியர், அதாவது பி.ஜி. அசிஸ்டென்ட், 11, 12 எடுப்பார். பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களுக்குத்தான் வருகின்றன. சிறுபான்மை மொழிகளுக்குத் தனியாகச் சில இடங்கள் உண்டு. வணிகவியலும் பொருளியலும் இந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் பத்தாம் வகுப்பு வரை அவை தனிப் பாடங்களே இல்லை. பி.காம். முடித்தவருக்கும் பி.எஸ்சி. கணிதம் முடித்தவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டு, எந்தத் தேர்வு. பட்டதாரி ஆசிரியருக்கு டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வின், இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். 150 மதிப்பெண்ணில் பொதுப் பிரிவினருக்கு 90 தேவை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. 2018இல் வந்த அரசாணை எண் 149இன்படி டெட் தேறியவர்கள் அதற்குமேல் ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். முதுகலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு டெட் இல்லை. ஒரே போட்டித் தேர்வுதான்: 150 மதிப்பெண்ணில் 110 உங்கள் பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. இரண்டு நியமனத்துக்குமே தமிழ்த் தகுதித் தாளைத் தாண்டியாக வேண்டும்.

மூன்று, காலமும் பணமும். கட்டணம் மட்டும் செலவல்ல. அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் வாங்காமல் விடும் சம்பளமும் செலவுதான். படித்து முடித்தபின் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் காலமும் அப்படியே. டெட் அறிவிப்பு 2019க்குப் பிறகு 2022இல் வந்தது, அதற்கடுத்து 2025இல். ஆண்டுதோறும் நடக்கும் என்று நினைத்துத் திட்டம் போட்டவர்கள் தவித்துப் போனார்கள்.

நான்கு, சான்றிதழ் செல்லுமா. தேர்வில் ஜெயித்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் தோற்றவர்கள் இருக்கிறார்கள். 10, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். முதுகலை ஆசிரியருக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக, அல்லது அரசாணையில் இணையானது என்று சொல்லப்பட்ட பாடமாக இருக்க வேண்டும். இளங்கலையில் கணிதம், முதுகலையில் ஆங்கிலம் என்று படித்தால் அறிவு கூடும், இந்தப் பதவி கிடைக்காது.

ஐந்து, வகுப்பறைப் பழக்கம். இதை யாரும் கேட்பதில்லை. நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். கீழே வருகிறேன்.

## வழி 1: டிகிரி முடித்தவுடன் ரெகுலர் பி.எட்.

2015 வரை இது ஓராண்டுப் படிப்பு. "எங்க அக்கா ஒரே வருஷத்துல முடிச்சாங்களே" என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலான என்.சி.டி.இ.யின் 2014 விதிகள் வந்தபின் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டது. அதில் மொத்தம் 20 வாரங்கள் பள்ளியில் இருக்க வேண்டும். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை.

சேர்க்கைக்குத் தமிழ்நாட்டில் பொதுப் பிரிவுக்கு இளங்கலையில் 50 சதவீதம், பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 என்பது நடைமுறை. அரசுக் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. இந்த 21 கல்லூரிகளுக்கும் சேர்த்துக் கலந்தாய்வு வழியில் ஏறக்குறைய 2,000 இடங்கள்தான். சென்னையில் சைதாப்பேட்டை, லேடி விலிங்டன் இரண்டும், வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, கோவையில் இருப்பவையும் அரசுக் கல்லூரிகள். விண்ணப்பிக்காமலேயே "நமக்கெல்லாம் எங்க கிடைக்கும்" என்று நேராகத் தனியார் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். முதலில் இங்கே போட்டுப் பாருங்கள். கட்டண வித்தியாசத்தில் ஒரு முதுகலையே படித்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு ரெக்கார்டில் தொடங்கும். பாடத்திட்டக் குறிப்பேடு, உளவியல் சோதனை ரெக்கார்டு, கற்பித்தல் துணைக்கருவிகள், சார்ட், சீருடை, பயிற்சிப் பள்ளிக்குத் தினமும் பஸ். கல்லூரிக் கட்டண ரசீதில் இவை எதுவும் இருக்காது. சேரும்போதே சீனியர்களிடம் "ரெக்கார்டுக்கும் பிராக்டிக்கலுக்கும் எவ்வளவு ஆச்சு" என்று கேட்டு வையுங்கள்.

இந்த வழியின் உண்மையான லாபம் அந்த 20 வாரங்கள். பயிற்சி மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கல்லூரியில் மைக்ரோ டீச்சிங்கில் சக மாணவர்கள் முன்னால் ஆறு நிமிடப் பாடத்தை அழகாக நடத்தியவர், ஒன்பதாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் முதல் பீரியடில் நாற்பது நிமிடத்துக்கு எழுதி வந்த பாடத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுச் சாக்பீஸோடு நிற்பார். பின்வரிசையில் சலசலப்பு தொடங்கும். அடுத்த வாரம் அவரே இடையிடையே கேள்வி கேட்டு, ஒரு பையனைக் கரும்பலகைக்கு அழைத்துத் தப்பாகப் போட்ட கணக்கை வகுப்பையே திருத்தச் சொல்லி, மணி அடித்த பிறகும் முடிக்க மனமில்லாமல் நிற்பார். இந்த மாற்றத்துக்கு வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

இது யாருக்கு: தமிழ், ஆங்கிலம், கணிதம், வரலாறு, புவியியல், அறிவியல் பாடங்களில் பட்டம் பெற்று, சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய குடும்பச் சூழல் உள்ளவர்களுக்கு. 21 வயதில் டிகிரி முடித்தால் 23 வயதில் டெட் எழுதத் தயார். முதுகலையை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

## வழி 2: முதுகலை முடித்துவிட்டு பி.எட்.

வணிகவியல், பொருளியல் மாணவர்களே, உங்களுக்கு இதில் ஒப்பீடே தேவையில்லை. தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கை விதியே வணிகவியல், பொருளியல், மனையியல், அரசியல் அறிவியல் போன்ற பாடங்களுக்கு முதுகலைப் பட்டத்தைத்தான் கேட்கிறது. கணினி அறிவியலுக்கும் அரசுப் பள்ளியில் கணினிப் பயிற்றுநர் பதவிக்கு முதுகலையோடு பி.எட். வேண்டும். நேராக எம்.காம்., எம்.ஏ., எம்.எஸ்சி. போங்கள், பிறகு பி.எட்.

மற்றவர்களுக்கு இது நான்கு ஆண்டுத் திட்டம். டிகிரியையும் சேர்த்தால் பிளஸ் டூவுக்குப் பின் ஏழு ஆண்டுகள். அதற்குப் பதிலாக இரண்டு பதவிகளுக்கும் ஒரே நேரத்தில் தகுதி கிடைக்கிறது. டெட் அறிவிப்பு வராத ஆண்டில் முதுகலை ஆசிரியர் தேர்வு வரலாம். 2023 அக்டோபரில் பட்டதாரி ஆசிரியர், வட்டார வளமைய ஆசிரியப் பயிற்றுநர் பணிகளுக்கு 2,222 இடங்கள் வந்தன. 2025இல் முதுகலை ஆசிரியர் பிரிவில் 1,996 இடங்கள் வந்தன. இரண்டு கதவும் திறந்திருப்பவருக்குக் காத்திருப்பு குறையும்.

சம்பளத்துக்காக இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறேன் என்றால் ஒரு கணக்கைப் பாருங்கள். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியருக்கு 36,900. வித்தியாசம் 500 ரூபாய். இரண்டு ஆண்டுகள் முன்னதாக வேலைக்குப் போனவர் அதற்குள் வாங்கியிருக்கும் சம்பளம் இதைப் பல மடங்கு தாண்டிவிடும். ஆகவே பணத்துக்காக அல்ல, பாடத்துக்காகப் படியுங்கள். பிளஸ் டூ மாணவர்களோடு தொகை நுண்கணிதமோ கரிம வேதியியலோ ஆழமாகப் பேச ஆசை இருந்தால் இந்தக் கூடுதல் காலம் வீணல்ல.

ஆய்வுக்கூடப் பாடக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ், வரலாறு, கணிதம் போன்றவற்றை வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் முதுகலையாக முடிக்கலாம். வேதியியல், விலங்கியல் போன்றவற்றில் அந்த வாய்ப்பு குறைவு, கிடைத்தாலும் செய்முறை வகுப்புகளுக்குப் பள்ளியில் விடுப்பு வாங்குவது பெரும்பாடு. "பிறகு பார்த்துக்கலாம்" என்று விட்ட எம்.எஸ்சி. வேதியியல், பலருக்கு அப்படியே நின்றுவிடுகிறது. நல்ல மதிப்பெண்ணும் அருகில் அரசுக் கல்லூரியும் இருந்தால் முதுகலையை முதலில் முடித்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: நடுவில் நின்றுவிடும் ஆபத்து. குறிப்பாகப் பெண்களுக்கு. எம்.எஸ்சி. முடியும்போது கல்யாணப் பேச்சு தொடங்கி, பி.எட். கைவிடப்பட்டு, எந்தப் பள்ளிப் பதவிக்கும் தகுதி இல்லாமல் ஒரு முதுகலைப் பட்டம் மட்டும் வீட்டு பீரோவில் இருக்கும் நிலையை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். இப்படி ஒரு நெருக்கடி வரும் என்று உங்களுக்கே தோன்றினால், எது முதலில் தகுதியைத் தருமோ அதை முதலில் முடியுங்கள். அது பி.எட்.

## வழி 3: தொலைநிலை பி.எட்.

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இக்னோவிலும் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.எட். இருக்கிறது, செல்லும். ஆனால் எல்லாருக்குமானது அல்ல. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவை நேரடி வகுப்பில் முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் உரியது. டிப்ளமோ இல்லாமல் வெறும் டிகிரியோடு தனியார் பள்ளியில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்குக்கூட இதில் இடமில்லை.

தகுதி உள்ளவர்களுக்கோ இது நல்ல வழி. இக்னோவில் முழுப் படிப்புக்கும் 55,000 ரூபாய்தான், சம்பளமும் நிற்காது. வகுப்பறை அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. பயிலரங்குகளுக்கும் பயிற்சிக்கும் விடுப்பு தேவைப்படும், அதைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தகுதி இல்லாதவர்களைத்தான் "அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்குறோம், பரீட்சைக்கு மட்டும் வாங்க" என்று கூப்பிடுகிறார்கள். பெயரளவில் அது ரெகுலர் பி.எட். சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கும். சிக்கல் பிறகுதான் வரும். நீங்கள் தமிழ்நாட்டில் ஒரு பள்ளியில் வேலை பார்த்து அனுபவச் சான்று வாங்கிய அதே ஆண்டுகளில் வேறொரு மாநிலத்தில் தினமும் வகுப்புக்குப் போனதாகப் பட்டம் சொன்னால், அதை எந்த அதிகாரியிடம் எப்படி விளக்குவீர்கள்? அந்தப் பயம் ஓய்வு பெறும் வரை கூடவே வரும். அதைவிட, வகுப்பறையில் ஒரு நாள்கூடப் பயிற்சி எடுக்காமல் நாற்பது பிள்ளைகள் முன் நிற்கப் போகிறீர்கள். பிள்ளைகளுக்கு அது நியாயமில்லை.

## வழி 4: பி.எட்.–எம்.எட். மூன்றாண்டு ஒருங்கிணைந்த படிப்பு

முதுகலையில் 55 சதவீதம் பெற்றவர்களுக்கானது. பி.எட். கல்லூரியில் விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் யோசிக்கலாம். பள்ளி ஆசிரியர் நியமனத்துக்கு எம்.எட். தேவையில்லை, ஆகவே மற்றவர்கள் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | டிகிரிக்குப் பின் காலம் | திறக்கும் பதவி | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| உடனே பி.எட். | 2 ஆண்டு | பட்டதாரி ஆசிரியர் (டெட் வேண்டும்) | ரெக்கார்டு, பயணம், டெட் அறிவிப்புக்குக் காத்திருப்பு | மொழி, கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல் படித்து விரைவில் சம்பாதிக்க வேண்டியவர் |
| முதுகலை, பிறகு பி.எட். | 4 ஆண்டு | இரண்டும். வணிகவியல், பொருளியலுக்கு முதுகலை ஆசிரியர் மட்டும் | இரண்டு ஆண்டுச் சம்பள இழப்பு, நடுவில் நின்றுவிடும் ஆபத்து | வணிகவியல், பொருளியல், கணினி. ஆய்வுக்கூடப் பாடங்கள் |
| தொலைநிலை பி.எட். | 2 ஆண்டு, வேலையோடு | பட்டதாரி ஆசிரியர் (டெட் வேண்டும்) | விடுப்பு, பயிலரங்குப் பயணம் | ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ உள்ளவர் |
| பி.எட்.–எம்.எட். | முதுகலைக்குப் பின் 3 ஆண்டு | பள்ளியோடு பி.எட். கல்லூரி | பள்ளி வேலைக்குப் பயன்படாத ஓராண்டு | கல்வியியல் பேராசிரியராக விரும்புபவர் |

## எந்த வழியானாலும் சேரும் முன் பார்க்க வேண்டியவை

பயிற்று மொழி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும், பதவிக்குரிய ஒவ்வொரு தகுதிக்கும் காட்ட வேண்டும். பி.எட்.டும் அதில் சேரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.எஸ்சி. வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, பி.எட்.டை மட்டும் யோசிக்காமல் ஆங்கிலவழியில் முடித்து இந்தச் சலுகையை இழப்பது பெரிய நஷ்டம். விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான், கவனமாக நிரப்புங்கள்.

கேந்திரிய வித்யாலயா கனவு. அங்கே டி.ஜி.டி. (பட்டதாரி ஆசிரியர்) பதவிக்கு, மத்திய அளவிலான டெட்டான சி-டெட்டோடு, இளங்கலையில் பாடச் சேர்க்கையும் பார்ப்பார்கள். சமூக அறிவியலுக்கு வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியலில் இரண்டு பாடங்கள் வேண்டும், அதில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு பாடம் மேஜர், மற்றவை ஓராண்டு மட்டும் வரும் அலைடு (துணைப் பாடம்) என்பதால் பலர் இங்கே அடிபடுகிறார்கள். இதற்குப் பி.எட். எங்கே படித்தாலும் தீர்வில்லை. முதுகலை முடித்து பி.ஜி.டி.க்கு, அதாவது அங்குள்ள முதுகலை ஆசிரியர் பதவிக்கு, போவது சுலபம்.

மைசூர். என்.சி.இ.ஆர்.டி.யின் (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில்) வட்டாரக் கல்வியியல் நிறுவனம் 1963 முதல் அங்கே இருக்கிறது. தென் மாநிலங்களுக்கானது, நுழைவுத் தேர்வு உண்டு, வளாகத்துக்குள்ளேயே பள்ளி இருக்கிறது. பயிற்சியின் தரத்துக்காக நான் தயங்காமல் சொல்வேன். ஆங்கிலவழி என்பதை மட்டும் மேலே சொன்ன 20 சதவீதத்தோடு வைத்து எடை போடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம். 2022இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்தது உண்மை. ஆனால் உங்களை வேலைக்கு எடுக்கப்போவது யு.ஜி.சி. அல்ல. பி.எட்.டும் தொலைநிலை எம்.ஏ.வும் ஒரே ஆண்டுகளில் மோதினால் சரிபார்ப்பில் கேள்வி வரும் என்று எடுத்துக்கொண்டு தேதிகளைத் தள்ளி வையுங்கள். தொலைநிலை முதுகலை சேரும்போது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். ஓர் ஆண்டு இருந்த அனுமதி அடுத்த ஆண்டு இல்லாமல் போனதுண்டு.

டெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். முதுகலை ஆசிரியராகத்தான் போவேன் என்பவர்களும் வாய்ப்பு வரும்போது எழுதிவிடுங்கள். 2021 முதல் டெட் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். 2025 செப்டம்பர் 1ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களே இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்கள் இப்போது குழந்தை உளவியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பி.எட். பாடங்கள் சூடாக மனதில் இருக்கும்போது எழுதுவது எவ்வளவோ மேல்.

## ஓராண்டு பி.எட். வரும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?

2025 தொடக்கத்தில் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிகளில், முதுகலையோ நான்காண்டுப் பட்டமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எம்.எஸ்சி. முடித்தவர்கள் பலர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரைவு விதியாகி, கல்லூரிகள் விண்ணப்பித்து, அங்கீகாரம் பெற்று, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் போட்டு, நியமன விதிகளிலும் அது இடம்பெற வேண்டும். இத்தனை படிகளுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டாண்டு பி.எட்.டே முடிந்துவிடும். நீங்கள் சேரப்போகும் கல்லூரி, அந்த ஆண்டுக்கு, அந்த ஓராண்டுப் படிப்புக்கு அங்கீகாரக் கடிதத்தைக் கையில் காட்டினால் சேருங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டுக் கலந்தாய்வுக்கே விண்ணப்பம் போடுங்கள்.